படகு ஓடாத நாளைக்கு என்ன கறி?

மோனை, உன்ரை குசினி அலுமாரியைப் போனிலை திறந்து காட்டினாய், பாத்தன். உப்பிலை மட்டும் நாலு விதம். அதிலை ஒண்டு இமயமலையிலையிருந்து வந்ததாம், ரோசாப்பூ நிறம். சுத்திவரக் கடல் கிடக்கிற ஊரிலை பிறந்த எனக்கு உப்புக்கு நிறம் பாக்கிற பாக்கியம் கிடைக்கேல்லை. பேந்து கினோவா, சியா, ஒலிவ் எண்ணெய் மூண்டு போத்தல், பேரே வாசிக்கேலாத சோஸ் ஏழெட்டு. எல்லாத்தையும் வடிவாக் காட்டி முடிச்சுப்போட்டு, "வீட்டிலை சாப்பிட ஒண்டுமில்லை அம்மப்பா, பீற்சாவுக்குச் சொல்லியிருக்கிறன்" எண்டாய். உந்தக் கெட்டித்தனம் எங்கடை பரம்பரையிலை ஆருக்கும் வாய்க்கேல்லை. உன்ரை அம்மம்மா அரை அலுமாரிச் சாமானிலை பத்துப் பேருக்குச் சமைச்சவள். நீ நிறைஞ்ச அலுமாரிக்கு முன்னாலை நிண்டு பட்டினி கிடக்கிறாய். அதுக்கும் ஒரு படிப்பு வேணும்தானே.

உன்னிலை முழுப் பிழையும் சொல்லேலாது. ரொறன்ரோவிலை முழங்காலளவு பனி கொட்டினாலும் கடைக்காரன் கதவைத் திறந்து வைச்சிருப்பான். எங்களைப்போல நெடுந்தீவானுக்கு நடுவிலை கடல். குறிகட்டுவான் துறையிலை குமுதினிப் படகு ஏறினால் ஒரு மணித்தியாலம் ஆடி ஆடி வரவேணும்.  சோழகம் கிளம்பினால் படகு கூத்தாடும், வாடை முறுகினால் படகே வராது. நயினாதீவாருக்குக் கால் மணித்தியாலக் கடல்தான், எண்டாலும் அவையளும் காலமை எழும்பி வானத்தைப் பாப்பினம். ஊர்காவற்றுறையார் மட்டும் பண்ணைப் பாலத்தாலை பஸ் ஏறிப் பட்டணம் போய்ச் சாமான் வேண்டி வந்திடுவினம். அதாலைதான் அவையின்ரை கூழ் எங்கடை கூழுக்குக் கிட்டவும் நிக்காது. இதை ஊர்காவற்றுறையான் ஒருத்தனுக்கும் சொல்லிப்போடாதை, எனக்கு அங்கை சம்பந்திமார் இருக்கினம்.

இப்பிடிக் கடல் மறிச்சு வைச்ச ஊரிலை, "இண்டைக்கு என்ன சாப்பிட ஆசையாக் கிடக்கு?" எண்டு ஒரு பெண்டும் கேக்கிறதில்லை. "என்ன கிடக்கு?" எண்டு பானையைத் திறந்து பாப்பினம். ஆசை அதுக்குப் பிறகு தன்ரைபாட்டிலை வரும். உன்ரை அம்மம்மாவின்ரை குசினியிலை என்ன இருந்தது எண்டு கேள். மூலையிலை மண்பானையிலை உப்புப் போட்டு உருட்டி வைச்ச பழப்புளி. தகரத்துக்குள்ளை வறுத்து அரிச்ச சிவப்பரிசி மா, பக்கத்திலை குரக்கன் மா. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து மஞ்சளோடை இடிச்ச தூள். மைசூர்ப் பருப்பு. மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம். ஓலைக் குட்டானிலை பனங்கட்டி. அடுப்புக்கு மேலை புகை படக் கட்டின கருவாடு. பறணிலை ஒடியல். அவ்வளவுதான் கண்டியோ. இதிலை நாளுக்கொருக்காலாவது கை படாத சாமான் ஒண்டுமில்லை. உன்ரை கினோவாவிலை எப்ப கை பட்டது? பைக்கற்றைக் கிழிக்கவேயில்லை எண்டு போனிலையே தெரிஞ்சது. எனக்குக் கண்தான் மங்கல், குருடில்லை.

ஒடியலைப் பற்றிக் கொஞ்சம் ஆறுதலாச் சொல்லவேணும், ஏனெண்டால் அதிலைதான் முழுப் படிப்பும் கிடக்கு. ஆவணி, புரட்டாதியிலை பனம்பழம் விழும். பொறுக்கிப் பிசைஞ்சு களி எடுத்துப் பாயிலை ஊத்திக் காய வைச்சால் பினாட்டு. மிச்சம் கொட்டை. அதை எறிஞ்சால் நீ ரொறன்ரோக்காரன். இஞ்சை மண்ணைக் கூட்டிப் பாத்தி போட்டு அடுக்கி மூடிவிடுவம். மாரி மழை தன்ரை வேலையைச் செய்யும். தை பிறக்கிற நேரத்துக்குப் பாத்தியைக் கிண்டினால் விரல் மொத்தத்திலை கிழங்கு. அதை அவிச்சுக் கிழிச்சுக் காய வைச்சால் புழுக்கொடியல். தேங்காய்ச் சொட்டோடை சேத்துக் கடிச்சால் பல்லுக்கும் வேலை, வாய்க்கும் வேலை, ஊர்ப்புதினம் கதைக்கிறது கொஞ்சம் குறையும். அவியாமல் பச்சையாக் கிழிச்சு வெயிலிலை போட்டால் ஒடியல். காய்ஞ்ச ஒடியல் விறகு மாதிரி இருக்கும், தட்டினால் சத்தம் வரும், பூச்சி கெதியிலை கிட்ட வராது. வேணுமெண்ட நாளைக்கு இடிச்சு மாவாக்கலாம்.

மாவாக்கினவுடனை பானைக்குள்ளை கொட்டாதை. ஒடியல் மாவுக்கு ஒரு கைப்பு இருக்கு. தண்ணியிலை கரைச்சு வை, மா அடியிலை படியும், மேல்தண்ணியை ஊத்து, திரும்பவும் தண்ணி விடு. இப்பிடி ரெண்டு மூண்டு தரம். கைப்புப் போக நேரம் வேணும், மாவைத் திட்டி வேலையில்லை. உனக்கு அந்தப் பொறுமை வராது எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் போனைப் பாத்துக்கொண்டிருக்கிற நேரத்துக்கு மா தன்ரைபாட்டிலை ஊறும், உன்னிட்டை ஒண்டும் கேக்காது.

ஸ்காபரோவிலை எங்கடை ஆக்களின்ரை கடையளிலை ஒடியல் மா பைக்கற்றிலை கிடக்கு. "கூழுக்கு நண்டு வேணும், றால் வேணும், கணவாய் வேணும், மீன்தலை வேணும்" எண்டு நீ சாட்டுச் சொல்லுவாய். படகு போகாத நாளிலை மீன்பிடி வள்ளமும் போகாது எண்டு ஆரும் உனக்குச் சொல்லேல்லையோ? கடல் தராத நாளைக்குக் கருவாடு. நெத்தலிக் கருவாட்டைத் தலையைக் கிள்ளிப்போட்டுச் சுடுதண்ணியிலை ரெண்டு தரம் அலசு. பானையிலை தண்ணி வைச்சு ஒரு பிடி அரிசி போடு. பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி, எது கிடக்கோ அதை நறுக்கிப் போடு. உங்கை கடைக் குளிர்ப்பெட்டிக்குள்ளை பயற்றங்காயும் மரவள்ளியும் வெட்டித் தோலுரிச்சே விக்கிறாங்கள், உன்னைப்போல சோம்பேறியளை நினைச்சுத்தான். அரை அவியலிலை கருவாடு. செத்தல் மிளகாயை உப்போடை அரைச்சுப் புளிக்கரைசலிலை கலக்கு, ஊறின ஒடியல் மாவையும் அதிலை கரைச்சு ஊத்தித் துழாவு. துழாவிறதை நிப்பாட்டினால் அடிப்பிடிக்கும், அப்ப போன் அடிச்சாலும் எடுக்காதை, நான் எடுத்தாலும் சரி. கடைசியிலை ஒரு பிடி முருங்கையிலை. அகப்பையிலை எடுத்து ஊத்திப் பார்: கட்டியா விழுந்தால் களி, தண்ணியா ஓடினால் ரசம், ரெண்டுக்கும் நடுவிலை சோம்பலா இறங்கினால் கூழ். பிளாவுக்குப் பனையோலை கிடைக்காது, கோப்பையிலை குடி. மூக்காலை தண்ணி ஓடும். ஓடாட்டி மிளகாய் காணாது.

சரி, உன்ரை பெண்சாதிக்கு வருவம். கொல்கத்தாப் பிள்ளை. நீ கலியாணம் எண்டு சொன்ன நேரம் இஞ்சை சில பேர் முகத்தைச் சுழிச்சது உனக்குத் தெரியும். நான் கேட்டது ஒண்டுதான்: "பிள்ளை மீன் தின்னுமோ?" தின்னும் எண்டாய். எனக்கு அத்தோடை விசாரணை முடிஞ்சுது. எனக்கு வங்காளம் தெரியாது, அவளுக்குத் தமிழ் வராது, நடுவிலை நீ மொழிபெயர்க்கிறன் எண்டு பாதியை விழுங்கிப்போட்டு மிச்சத்தைத் துப்பிறாய். எண்டாலும் அவள் சமைக்கேக்கை போனை அடுப்படியிலை வைக்கச் சொல்லிப் பாத்தன். உன்ரை அலுமாரியிலை அவளின்ரை தட்டு ஒண்டு இருக்கு, கீழ்த்தட்டு. அதிலை நிக்கிற ஒவ்வொரு போத்தலும் பாதி காலி. அப்பவே எனக்கு விளங்கிப்போச்சு, அந்த வீட்டிலை சமைக்கத் தெரிஞ்சது ஆரெண்டு.

அவள் தாளிக்கிறதைப் பாத்தியோ? வெந்தயம், கருஞ்சீரகம், நற்சீரகம், கடுகு, பெருஞ்சீரகம், அஞ்சையும் ஒரே போத்தலிலை கலந்து வைச்சிருக்கிறாள். பாஞ்ச் ஃபோரன் எண்டினமாம். நாங்கள் எல்லாத்தையும் கறுக்க வறுத்து இடிச்சுப் போடுவம். அவையள் முழுசாவே எண்ணெயிலை வெடிக்க விடுவினம். கடுகெண்ணெய் சூடாகிற நேரம் மூக்கிலை ஏறுமாம், நீ கண்ணைக் கசக்கினாய். ஒடியல் மாவின்ரை பேரனுக்குக் கடுகெண்ணெய் உறைக்குதாம்!

பருப்பைப் பார். எங்கடை மைசூர்ப் பருப்புத்தான் அவையின்ரை வீட்டுப் பருப்பும். நாங்கள் ஒரு சுண்டுப் பருப்பை மஞ்சள், வெங்காயம், பச்சைமிளகாயோடை அவிச்சு, கடைசியிலை தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதியிலை இறக்குவம். பால் விட்ட பிறகு கனக்கக் கொதிக்க விட்டால் திரைஞ்சு போகும், அந்த நேரம்தான் நீ போன் பாக்கப் போவாய். அவள் தேங்காய்ப்பாலைத் தொடவேயில்லை. அவிஞ்ச பருப்பிலை அந்த அஞ்சு சரக்கையும் ஒரு செத்தல் மிளகாயையும் தாளிச்சுக் கொட்டினாள், ரெண்டு பச்சைமிளகாயைக் கீறிப் போட்டாள், ஒரு சொட்டுச் சீனியும் போட்டமாதிரிக் கிடந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டன். சோறு வேகிற பானைக்குள்ளையே ரெண்டு உருளைக்கிழங்கைப் போட்டு அவிச்சு, தோலை உரிச்சு, வெங்காயம், மிளகாய், உப்பு, பச்சைக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைஞ்சாள். சோறு, பருப்பு, கிழங்கு. சாப்பாடு முடிஞ்சுது. நீ பீற்சாக்காரன் வாறானோ எண்டு யன்னலாலை எட்டிப் பாத்த நேரத்திலை அவள் ரெண்டு பேருக்குச் சமைச்சிட்டாள்.

அங்கை மழை பெய்தால் வீட்டுக்கு வீடு கிச்சுரியாம். வறுத்த பாசிப்பயற்றம் பருப்பும் அரிசியும் ஒண்டாப் போட்டு, இஞ்சி, மஞ்சளோடை குழைய அவிச்சு, நெய் விட்டு, பக்கத்திலை ஒரு முட்டைப் பொரியல். மழைக்கை ஆர் சந்தைக்குப் போறது? உள்ள அரிசி பருப்பை ஒரு பானையிலை போடு எண்டதுதான் அதின்ரை சூத்திரம். வாடைக்குள்ளை நாங்கள் கூழ் காய்ச்சிற நியாயமும் உதுதான். பேந்து, அவையளும் பருப்பை அரைச்சுக் கிள்ளிக் கிள்ளி வெயிலிலை காய வைச்சு எடுத்து வைப்பினம், போரி எண்டு பேர். மேதினிப்பூர்ப் பக்கத்துப் பெண்டுகள் அதை நகை மாதிரிப் பூவும் கொடியுமாப் பிழிஞ்சு காய வைப்பினமாம். உன்ரை அம்மம்மாவின்ரை வேப்பம்பூ வடகத்தைப் பாத்தால் ஆட்டுப் புழுக்கை எண்டுதான் சொல்லுவாய், ஆனால் பொரிச்சு வைச்சால் தட்டிலை ஒண்டும் மிஞ்சாது. குளிர்காலத்திலை ஈச்சம் பதனியைக் காய்ச்சி வெல்லம் எடுக்கினமாம். எங்களுக்குப் பனை, அவையளுக்கு ஈச்சை.

கருவாட்டிலை மட்டும் கவனம். கிழக்கு வங்காள வழி வந்த ஆக்கள் கருவாடு எண்டால் உயிரை விடுவினமாம், மேற்கு வங்காளத்து ஆக்களிலை கனபேர் மூக்கைப் பொத்துவினமாம். ஒரு மொழி, ரெண்டு மூக்கு. அவள் எந்தப் பக்கம் எண்டு நீ கேட்டறிஞ்சியோ? கலியாணத்துக்கு முன்னம் சாதகம் பாத்தீங்களாம். இதைப் பாத்திருக்க வேணும்.

நிறைஞ்ச அலுமாரிக் கதைக்குத் திரும்புவம். நயினாதீவுக்கு நீ வந்த நேரம் அம்மன் கோயில் அன்னதான மண்டபத்திலை மூண்டு தரம் சோறு வேண்டித் திண்டது ஞாபகமோ? அந்த மண்டபத்துக்கு அமுதசுரபி எண்டு பேர். ஏன் அந்தப் பேர் எண்டு நீ கேக்கேல்லை, பாயாசம் இன்னும் வருமோ எண்டுதான் கேட்டாய். மணிமேகலைக் காப்பியத்திலை வாற மணிபல்லவம் நயினாதீவுதான் எண்டு எங்கடை ஆக்கள் சொல்லுவினம். ஆராய்ச்சிக்காரர் அடிபடட்டும், எனக்கு வேண்டியது அதிலை வாற அமுதசுரபிப் பாத்திரம். அள்ள அள்ளக் குறையாது. அதை முதலிலை வைச்சிருந்தவன் ஆபுத்திரன். மழை பெய்து நாடு செழிச்சுப் போச்சு, பசிக்கிற ஆக்கள் இல்லை, அவனைத் தேடி ஒருத்தரும் வரேல்லை. சாவக நாட்டிலை பஞ்சம் எண்டு கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். இடையிலை மணிபல்லவத்திலை இறங்கினவனை மறந்து விட்டிட்டுக் கப்பல் போட்டுது. ஆளில்லாத் தீவு, கையிலை வத்தாத பாத்திரம். தான் மட்டும் தின்ன மனமில்லாமல் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையிலை விட்டிட்டு உண்ணாமல் கிடந்து செத்துப்போனான். உலகத்திலையே சாமான் நிறைஞ்ச குசினி அவனிட்டைத்தான் இருந்தது, பந்தியிலை இருக்கத்தான் ஆளில்லை.

பேந்து மணிமேகலை கையுக்கு அது வந்த நேரமும், சும்மா இருந்தபடி சோறு பொங்கேல்லை. ஆதிரை எண்ட குடும்பப்பெண் முதல் பிச்சை போட்ட பிறகுதான் சுரக்கத் தொடங்கினது. தெய்வப் பாத்திரத்துக்கே ஒருத்தி அடுப்பு மூட்டிச் சோறு வடிக்க வேண்டியிருந்தது மோனை. உன்ரை அலுமாரி எந்த மூலைக்கு?

உனக்குச் சிரிப்பாக் கிடக்கும். 1990 ஆனியிலை சண்டை திரும்பத் தொடங்கி வடக்குக்குச் சாமான் வாறதை மறிச்ச காலத்திலை உன்ரை அம்மாவுக்குச் சிரிப்பு வரேல்லை. மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலுக்குள்ளை கொஞ்ச எண்ணெயும் ஒரு திரியும் வைச்சுத்தான் அவள் படிச்சவள். சவுக்காரம் இல்லை, பனம்பழக் களியிலை உடுப்புத் தோய்ச்சம். மாடு பின்னாலை வந்து சட்டையைச் சூப்பும். சீனி இல்லை, வெறும் தேத்தண்ணியை வைச்சுக்கொண்டு பனங்கட்டியை ஒரு கடி, தேத்தண்ணி ஒரு மிடறு. இப்ப உதைத்தான் நீங்கள் சீனிவருத்தத்துக்கு நல்லது எண்டு காசு குடுத்து வேண்டுறியள். அது நல்லதோ கெட்டதோ எண்டு டொக்டரைக் கேள், என்னைக் கேளாதை. அந்த நேரம் கன குசினியள் வெறுமையாக் கிடந்தது. பறணிலை ஒடியலும் பானையிலை புளியும் வைச்சிருந்த வீடுகளிலை அடுப்பு எரிஞ்சுது, பக்கத்து வீட்டுக்கும் ஒரு சட்டி போச்சு. நான் அந்தக் காலத்தை நல்ல காலம் எண்டு சொல்ல வரேல்லை. பசியை அழகாச் சொல்லுறவன் அதைப் பட்டிருக்க மாட்டான்.

எண்டபடியாலை புதுசா ஒண்டும் வேண்டாதை. உள்ளதைத் தின்னு. இந்தக் கிழமை கடைக்குப் போகாமல் அலுமாரியிலை கிடக்கிறதை மட்டும் வைச்சுச் சமைச்சுப் பார். கினோவாவையும் அவிச்சு அந்தப் பருப்பை அதுக்கு மேலை ஊத்து, செத்துப்போக மாட்டாய். திகதி முடிஞ்ச சோஸைத் தூக்கி எறி. தூள் போத்தலிலை மணம் போச்சோ எண்டு மூடியைத் திறந்து மூக்காலை பார், ஒட்டின கடதாசியிலை கிடக்கிற திகதியைப் பாத்து மட்டும் முடிவெடுக்காதை. கிழமை முடிய எது தீர்ந்து போச்சோ, அதை மட்டும் வேண்டு. எது அசையேல்லையோ, அதை இனிமேல் கடையிலை கண்டாலும் தெரியாத ஆளைக் கண்டமாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போ. அரிசிக்குள்ளை நாலு வேப்பிலை போட்டு வை. உங்கை வேம்பு இல்லை எண்டால் செத்தல் மிளகாய் ரெண்டு போடு, வண்டு யோசிச்சுத்தான் வரும். மாவை வறுத்து ஆறவிட்டுத் தகரத்திலை அடை. சூட்டோடை மூடினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

உந்த ரோசாப்பூ உப்பையும் எறியாதை. கூழுக்குப் போட்டுப் பார், நிறம் தெரியாது, உப்பு உப்பாத்தான் கிடக்கும்.

கருவாடு பொரிக்க வெளிக்கிட்டால் முதலிலை யன்னல் ரெண்டையும் திற. அந்த வெள்ளை வட்டப் பெட்டி கத்தத் தொடங்கும், கத்தட்டும். போன முறை அது கத்தி, மாடி முழுக்கச் சனம் இறங்கி வாசலிலை நிண்டதெண்டு உன்ரை பெண்சாதி கையாலை காட்டிச் சொன்னாள், நீதான் அதை மொழிபெயர்க்காமல் விட்டிட்டாய். இந்த முறை தீயணைக்கிற ஆக்கள் வந்தால் பயப்பிடாதை. ஆளுக்கொரு கோப்பை கூழ் ஊத்திக் குடு, உறைப்பைக் கொஞ்சம் குறைச்சு.